சோறு குறைந்தால்தான் சருகு போதும்: கல்லூரி விடுதியில் உணவுக் கழிவைக் குறைத்து உரமாக்கும் முறை

கல்லூரி வளாகங்களில் ஆர்வமாகத் தொடங்கும் உரத்தொட்டிகள் நாற்றமெடுத்து மூடப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சோறு நிறைய, சருகு கொஞ்சம். 100 கிலோ மெஸ் கழிவு ஒழுங்காக மக்க 35 முதல் 40 கிலோ உலர்ந்த சருகு வேண்டும். 800 பேர் சாப்பிடும் விடுதியில் நாளுக்கு 120 கிலோ ஈரக்கழிவு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 45 கிலோ சருகு. வருடத்துக்கு 270 நாள் மெஸ் நடந்தால் 12 டன். மரம் நிறைந்த வளாகத்திலும் அவ்வளவு சருகைக் கூட்டிச் சேர்த்து, நனையாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. அதனால் கழிவைக் குறைக்கும் வேலையையும் உரமாக்கும் வேலையையும் இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். தட்டில் ஒரு கிலோ சோறு குறைந்தால் கொட்டகையில் 400 கிராம் சருகு மிச்சம்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகைக் குப்பையும் சேர்த்து நாளுக்குச் சராசரியாக 100 கிலோவைத் தாண்டும் விடுதிகளையும் கல்வி நிறுவனங்களையும் பெருமளவு கழிவு உருவாக்குவோர் என்று வகைப்படுத்தின. மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளச் சொல்லின. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலும் அந்த 100 கிலோ வரம்பு இருக்கிறது. நடுத்தர அளவு விடுதி ஒன்றுக்கே இது பொருந்திவிடும்.

முதல் வாரம் எடை மட்டும்

தொட்டி கட்டுவதற்கு முன் ஒரு முழு வாரம் எடை போடுங்கள். மெஸ் மெனு வாரச் சுழற்சியில் வருவதால் ஏழு நாளுக்குக் குறைந்த கணக்கு ஏமாற்றும். தேர்வு வாரமும் பண்டிகை வாரமும் வேண்டாம்.

மூன்று கணக்கு தனித்தனியாக இருக்க வேண்டும்: காய் நறுக்கும்போது கழிவது, அண்டாவில் பரிமாறாமல் மிஞ்சுவது, தட்டில் மிஞ்சுவது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. முதலாவது கொள்முதல் செய்பவர் கையில் இருக்கிறது, இரண்டாவது சமையல் மாஸ்டர் கையில், மூன்றாவது மாணவர்களிடமும் பரிமாறுபவர்களிடமும். மூன்றையும் ஒரே டிரம்மில் கொட்டி "இன்று 120 கிலோ" என்று எழுதினால் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

100 கிலோ எடுக்கும் மின்னணுத் தராசு ஒன்று போதும். டிரம்மின் வெற்று எடையை அதன் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள், தினமும் கழித்துப் பார்க்க வசதி. சாம்பார் வடிந்த பிறகு எடை போடுவதா வடியாமல் போடுவதா என்று முதல் நாளே முடிவுசெய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். பாதியில் மாற்றினால் கழிவு குறைந்ததா, ரசம் வடிந்ததா என்று தெரியாது.

தட்டுக் கழிவை வேளைவாரியாகத் தலைக்கணக்கால் வகுத்துக்கொள்ளுங்கள். மதியம் 700 பேர், 42 கிலோ என்றால் தலைக்கு 60 கிராம். அடுத்த மாதம் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். மொத்தக் கிலோ, ஆள் வருகையைப் பொறுத்து ஏறி இறங்கும்.

ஒரு மதியமாவது கையுறை போட்டு, 20 கிலோ தட்டுக் கழிவைத் தார்ப்பாயில் பரப்பிப் பிரித்துப் பாருங்கள். சோறு ஒரு பக்கம், பொரியல் ஒரு பக்கம், கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, மிளகாய், எலும்பு, பழத்தோல் ஒரு பக்கம். இந்த மூன்றாவது குவியலை எந்தப் பிரசாரத்தாலும் குறைக்க முடியாது. முதல் குவியல் பெரிதாக இருந்தால் கரண்டியில் கோளாறு. இரண்டாவது பெரிதாக இருந்தால் சமையலில் கோளாறு. அந்தப் பொரியலை மாற்றாமல் "உணவை வீணாக்காதீர்" என்று சுவரில் எழுதிப் பயனில்லை.

உலையில் போடும் முன்

மதியச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 100 முதல் 120 கிராம் அரிசி என்பது பொதுவான மெஸ் கணக்கு. ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். வருவார்கள் என்று எண்ணி வராமல் போன 100 பேருக்கு 11 கிலோ அரிசி, அதாவது 30 கிலோ சோறு. அண்டாவில் மிஞ்சுவதில் பெரும்பங்கு இப்படித்தான் பிறக்கிறது.

இதற்கு மருந்து முன்கூட்டிய தலைக்கணக்கு. முந்தைய இரவு 8 மணிக்குள் வராதவர்கள் பெயர் வந்துவிட வேண்டும், காகிதத்திலோ செயலியிலோ. ஒரு நாள், ஒரு வேளைக்குக்கூட மெஸ் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தால்தான் மாணவர்கள் சொல்வார்கள். மூன்று நாள் தொடர்ந்து விடுப்பு எடுத்தால்தான் ரிடக்‌ஷன் என்ற விதி இருக்கும் விடுதியில் வெள்ளி இரவும் சனி காலையும் அண்டா நிறையத்தான் மிஞ்சும். இந்த ஒரு விதியைத் தளர்த்துவது பத்து விழிப்புணர்வு முகாமைவிடப் பலன் தரும்.

சோற்றை இரண்டு உலையாகப் பிரியுங்கள். கணக்கில் 70 சதவீதம் முதல் உலை. மீதி அரிசி களைந்து ஊறட்டும். புழுங்கலரிசி வேக அரைமணி நேரம் ஆகும் என்பதால், பாதிப் பேர் சாப்பிட்டு முடித்த கட்டத்திலேயே இரண்டாவது உலையில் எவ்வளவு போடுவது என்று மாஸ்டர் முடிவெடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் வந்தபின் முடிவெடுத்தால் கடைசிப் பந்திக்குச் சோறில்லை என்று சண்டை வரும். அந்தச் சண்டை ஒரு தடவை வந்தால் போதும், மறுநாளிலிருந்து மாஸ்டர் பழையபடி எல்லாவற்றையும் ஒரே உலையில் போட்டுவிடுவார்.

இட்லி, தோசை மிஞ்சவே கூடாது. இட்லி வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மாவு குளிரில் இருந்தால் மறுநாளும் ஆகும். ஆகவே ஈடு ஈடாக ஊற்றலாம். பொங்கலும் உப்புமாவும் அப்படியில்லை. ஒருமுறை கிளறியது கிளறியதுதான். வருகை நிச்சயமில்லாத நாட்களில், குறிப்பாகச் சனி, ஞாயிறு காலையில், இட்லியை வைத்து உப்புமாவை வாரநாளுக்குத் தள்ளுங்கள். (உப்புமா எந்த நாளில் வைத்தாலும் மிஞ்சும் என்பது வேறு விஷயம்.)

பரிமாறும் இடத்தில் சோற்றுக் கரண்டியின் அளவைக் குறையுங்கள், மறுசோறு வாங்கும் வரிசையைத் தனியாக வையுங்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். மறுபடி வாங்க நீண்ட வரிசையில் நிற்க வேண்டும் என்றால் எல்லாரும் முதலிலேயே குவித்துக்கொள்வார்கள். குழித் தட்டு பயன்படுத்தும் மெஸ்ஸில் பரிமாறுபவர் குழி நிரம்ப வைப்பதும், மாணவர் வேண்டாததையும் வாங்கிக்கொள்வதும் வழக்கம். பொரியலையும் கூட்டையும் தாங்களே போட்டுக்கொள்ளச் சிறு கரண்டியோடு வைத்தால் இது குறையும். அப்பளம், முட்டை, இனிப்பு எண்ணிக் கொடுப்பவை, அவற்றை விட்டுவிடலாம்.

தட்டுக் கழிவை மாணவரே டிரம்மில் தட்டட்டும். டிரம்மின் கீழே தராசு, மேலே பலகையில் நேற்றைய தலைக்கு இத்தனை கிராம் என்ற எண். பெயர் சொல்லித் திட்டுவதோ, தட்டை நிறுத்திப் பார்ப்பதோ வேண்டாம். அது நாலு நாளில் டிரம்முக்குப் பதிலாகக் கழுவும் தொட்டியில் சோற்றைக் கரைக்கும் பழக்கத்தில் போய் முடியும். பிறகு சாக்கடை அடைக்கும்.

மிஞ்சிய நல்ல சோறு

பரிமாறாமல் அண்டாவில் இருப்பது உணவு, கழிவல்ல. 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உபரி உணவு வழங்கலுக்கென்றே விதிமுறைகள் கொண்டுவந்தது. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் வந்து எடுத்துச்செல்கின்றன. கொடுப்பதாக இருந்தால் மூடிய பாத்திரத்தில், 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில், சமைத்த நேரத்தை எழுதி ஒட்டிக் கொடுங்கள். வெந்த சோறு அறைச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், மோர்க்குழம்பு இவற்றைக் கொடுக்க வேண்டாம்.

மாட்டுக்கும் பன்றிக்கும் கொடுப்பது பல விடுதிகளில் நெடுநாள் வழக்கம். காய்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்கு நல்லது. ஆனால் சோறு அதிகமானால் வயிற்றில் அமிலம் கூடி மாடு செத்தே போகலாம். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் வருடாவருடம் எச்சரிப்பது இதைத்தான். பன்றிக்குப் போகும் எச்சில் உணவு நன்கு கொதிக்க வைக்கப்படாவிட்டால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவ வழி.

கழுவுமிடத்தில் பிரித்தல்

உரத்தின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. ஈரக்கழிவு டிரம்முக்குள் துளையிட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை, அடியில் அரையடி இடைவெளி இருக்கும்படி செங்கல் வைத்து இறக்குங்கள். சாம்பாரும் ரசமும் வடிந்து கீழே தங்கும். டிரம்மின் அடிக்குழாயைத் திறந்தால் எண்ணெயைப் பிடித்துவைக்கும் பொறித்தொட்டி வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். அரைமணி நேரம் வடிந்தாலே போதும். உப்பிலும் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடுகிறது. உணவுக் கழிவு உரத்தின் பெரிய குறையே உப்புதான்.

எண்ணெய் இந்த டிரம்முக்குள் வரக்கூடாது. பொரித்த எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்து, பயோடீசல் தயாரிப்பவர்களுக்காகச் சேகரிக்கும் முகவர்களிடம் கொடுங்கள்.

எதிர்பாராத இடத்திலிருந்து வருவது பால் பாக்கெட் முனை. காலையில் 60, 70 பாக்கெட் பாலை வெட்டி ஊற்றும்போது அந்த முக்கோணத் துண்டு அறுந்து காய்கறிக் கழிவோடு கலந்துவிடும். நகம் அளவுதான் இருக்கும், கைக்குச் சிக்காது. ஒன்பது வாரம் கழித்துச் சலிக்கும்போது உரத்தில் நீலமும் பச்சையுமாக மின்னும். சல்லடைக்கண்ணில் நுழைந்துவிடும் என்பதால் அப்போது பொறுக்கவும் முடியாது. முனையை முழுதாக வெட்டாமல், பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டச் சமையலறையில் பழக்குங்கள். இதே வகையில் இன்னும் சில: கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்டு, ஆப்பிள் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், ஊறுகாய்ப் பொட்டலம். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. இருந்தும் விழா நாட்களில் வளாகத்துக்குள் வந்துவிடும். அவை மக்காது.

தேங்காய் ஓடு வேண்டாம், அடுப்புக்குப் போகட்டும். வாழை இலையை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டினால்தான் போடலாம். முழு இலை குவியலுக்குள் பாய் விரித்ததுபோல் படிந்து காற்றை மறித்துவிடும். டீத்தூள் சக்கை அருமையான பொருள், ஒரு பிடிகூட வெளியே போக விடாதீர்கள்.

சருகுக் கிடங்கு

சோற்றில் கரிச்சத்துக்குப் பஞ்சமில்லை. சருகு வேண்டியிருப்பது முதலில் ஈரத்தை இழுக்கவும், துகள்களுக்கிடையே காற்று போக வழி வைக்கவும்தான். கார்பன்–நைட்ரஜன் விகிதத்தை 25–30 அளவுக்குக் கொண்டுவருவது அதற்கடுத்த பயன். கணக்கு இப்படி: வடித்த மெஸ் கழிவில் 75 சதவீதம் நீர். 100 கிலோவில் 75 லிட்டர். அதோடு 12 சதவீத ஈரமுள்ள சருகு 37 கிலோ சேர்த்தால் மொத்தம் 137 கிலோவில் நீர் 79 லிட்டர், அதாவது 58 சதவீதம். மக்குவதற்கு வேண்டியது 50 முதல் 60. வடிக்காமல் 80 சதவீத ஈரத்தோடு கழிவு வந்தால் அதே நிலைக்கு 48 கிலோ சருகு பிடிக்கும். சருகே மழையில் நனைந்து 40 சதவீத ஈரத்தில் இருந்தால் 90 கிலோவுக்கு மேல் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் உரத்தொட்டிகள் கெட்டுப்போவது ஏன் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இலையுதிர்வு பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அந்த நான்கு மாதத்தில் கூட்டியதைக் கொளுத்தாமல் முழுதும் கூரைக்கடியில் சேர்க்க வேண்டும். தூங்குமூஞ்சி, புளி, பெருங்கொன்றை இலைகள் சிறியவை, அப்படியே போடலாம். மா, பாதாம், அரசு, தேக்கு இலைகளை அரைக்கும் இயந்திரத்தில் கொடுத்தே ஆக வேண்டும். அரைத்தால் இடமும் மூன்றில் ஒன்றாகக் குறையும். சவுக்கு ஊசியும் தைலமர இலையும் மக்க நாளாகும், கால் பங்குக்கு மேல் கலக்காதீர்கள்.

சருகு போதாவிட்டால் கரும்புச் சக்கை, நறுக்கிய வைக்கோல், மரத்தூள், தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவு ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் மிக மெல்லமாக மக்கும். அது மட்டுமே போட்டால் குவியல் அமுங்கிவிடும், சருகோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். பிளைவுட் கடை மரத்தூளில் பசை இருக்கும், வேண்டாம்.

தொட்டி

நாளுக்கு 120 கிலோவுக்கு ஐந்து தொட்டி, அவசரத்துக்கு ஆறாவது. ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். ஒரு தொட்டி ஒரு வாரக் கலவையைத் தாங்கும். இதைவிட உயரமாகக் கட்டினால் அடிப்பகுதி சொந்தப் பாரத்தில் நசுங்கிக் காற்றில்லாமல் புளிக்கும். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது.

சுவர் இடைவெளி விட்ட செங்கல் கட்டு. உட்பக்கம் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடித்தால் எலி வராது. முன்பக்கம் சுவர் வேண்டாம், பலகைகளை மேலிருந்து இறக்கும் காடி வையுங்கள். தரை சிமென்ட், 50-க்கு 1 சரிவு, முடிவில் வடிநீர்த் தொட்டி. கூரை சுவரைத் தாண்டி மூன்றடி இறங்கட்டும், சாரல் பெரிய எதிரி. கிணற்றிலிருந்தும் விடுதி ஜன்னல்களிலிருந்தும் தள்ளி, ஆனால் தள்ளுவண்டி போகும் தூரத்தில் இடம் பாருங்கள். மெஸ்ஸிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் மழைநாளில் டிரம் அங்கே போய்ச்சேராது.

அன்றாட வேலை

1. தொட்டியின் அடியில் அரையடிக்குத் தேங்காய் மட்டை, குச்சி, தென்னை மட்டைத் துண்டு. அதன் மேல் அரையடி சருகு. இது தொட்டிக்கு ஒருமுறை.

2. பக்கத்துத் தரையில் அன்றைய சருகில் முக்கால் பங்கைப் பரப்பி, மேலே வடிந்த கழிவைக் கொட்டி, முள்கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள். தொட்டிக்குள்ளேயே அடுக்கு அடுக்காகப் போடுவது சுலபம்தான், ஆனால் மெஸ் கழிவுக்கு அது ஒத்துவராது. சோறு கட்டியாகவே தங்கிவிடும். ஐந்து வாரம் கழித்து உடைத்தால் உள்ளே வெள்ளையாக, புளித்த நாற்றத்தோடு அப்படியே இருக்கும். கட்டி எதுவும் எலுமிச்சை அளவைத் தாண்டக் கூடாது.

3. பத்துக்கு ஒரு பங்கு பழைய உரமோ, சலித்தபின் மிஞ்சிய கப்பியோ சேருங்கள். முதல் தொட்டிக்கு அது இருக்காது, ஒரு கூடை சாணத்தைக் கரைத்துத் தெளிக்கலாம். கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூள் கட்டாயமில்லை.

4. கைப்பிடி அளவு எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு. உருண்டையே பிடிக்காவிட்டால் வடிநீரோ தண்ணீரோ தெளியுங்கள்.

5. தொட்டியில் போட்டு, மீதிக் கால் பங்குச் சருகால் நான்கு அங்குலத்துக்கு மூடுங்கள். சோறு ஒரு பருக்கைகூட வெளியே தெரியக் கூடாது. ஈ, காக்கை, நாய் எல்லாவற்றுக்கும் இதுதான் தடுப்பு.

ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பும் மீன் முள்ளும் போடலாம், குவியலின் நடுவில் புதைத்து. எலும்பு ஒரே சுற்றில் மக்காது, சலித்தெடுத்து மறுபடி போடுங்கள்.

சூடும் புரட்டலும்

கலவை சரியாக இருந்தால் மூன்றாம் நான்காம் நாளில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தொடும். நீண்ட கம்பியுள்ள வெப்பமானி வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மூன்றடி இரும்புக் கம்பியைச் சொருகிப் பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து மூன்று நாளாவது நின்றால் நோய்க்கிருமியும் ஈயின் முட்டையும் அழியும். 70-ஐ நெருங்கினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகும், உடனே கிளறிவிடுங்கள்.

சனிக்கிழமைதோறும் தொட்டி மாற்றம். ஐந்தாவதில் இருப்பது பதப்படும் குவியலுக்குப் போகும், நான்காவதில் இருப்பது ஐந்தாவதுக்கு, மூன்றாவதில் இருப்பது நான்காவதுக்கு என்று நகர்த்தி வந்தால் முதல் தொட்டி காலியாகும். இந்த நகர்வே புரட்டல். ஓரத்தில் இருந்தது நடுவுக்குப் போகும்படி தள்ளுங்கள், ஓரம் சூடாவதேயில்லை. மூன்று பேருக்கு அரைநாள் வேலை இது. தினசரி வேலைக்கு ஒரு தூய்மைப் பணியாளர், சனிக்கிழமைக்குக் கூடுதலாக இரண்டு பேர் என்று ஆரம்பத்திலேயே சம்பளக் கணக்கில் எழுதுங்கள். மாணவர் தன்னார்வத்தை நம்பிப் புரட்டல் நாளைக் குறித்தால் செமஸ்டர் தேர்வோடு அது நின்றுவிடும். மாணவர்களுக்கு எடைப் பதிவும் வெப்பப் பதிவும் பொருத்தமான வேலை.

தொட்டியில் ஐந்து வாரம், பிறகு நிழலில் மூன்றடிக் குவியலாக நான்கு வாரம் பதப்பட வேண்டும். புரட்டியபின் மறுபடி சூடு ஏறவில்லை, ஈரமும் சரியாக இருக்கிறது என்றால்தான் வெந்து முடிந்ததாகக் கணக்கு. காய்ந்துபோனதாலும் சூடு ஏறாது, அதை முதிர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம்.

கோளாறுகள்

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை. மேலே சருகைப் போட்டு மூடுவது நாற்றத்தை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. முழுதும் வெளியே எடுத்து உலர் சருகு கலந்து திரும்பப் போடுங்கள்.

புளித்த மாவு நாற்றம், சூடும் ஏறவில்லை என்றால் சோற்றிலிருந்து உண்டான அமிலம் தேங்கிவிட்டது. முதல் ஓரிரு நாளில் கொஞ்சம் இருப்பது இயல்பு. ஒரு வாரமாகியும் போகாவிட்டால் கிளறி, பழைய உரத்தை இருமடங்காக்கி, 100 கிலோவுக்கு ஒரு கிலோ விறகுச் சாம்பல் தூவுங்கள். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும்.

மூக்கில் ஏறும் அமோனியா நெடி முட்டை, கறி, பருப்பு அதிகமான நாளில் வரும். சருகோ மரத்தூளோ கூட்டினால் அடங்கும்.

புழு இரண்டு வகை. வெள்ளையாக, நெளிந்தோடுவது வீட்டு ஈயின் புழு. மூடாக்கு போதவில்லை என்று அர்த்தம். பழுப்பாக, தட்டையாக, அரை அங்குலத்துக்கு மேல் இருப்பது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. நோய் பரப்பாது, சோற்றை வேகமாகத் தின்றுதீர்க்கும். அது வந்திருப்பது கலவையில் ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். பூச்சிமருந்து எதற்கும் அடிக்காதீர்கள்.

எறும்பு கூடுகட்டினால் காய்ந்துவிட்டது. வெள்ளைப் பூஞ்சை இழை தெரிந்தால் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது. அதுவே சாம்பல்போல் உலர்ந்து பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

மழைக்கு முன், செப்டம்பர் முடிவதற்குள், குறைந்தது மூன்று மாதச் சருகு உலர்வாக இருப்பில் வேண்டும். நாளுக்கு 45 கிலோ என்றால் நான்கு டன். அவ்வளவு இல்லையென்றால் அந்த மூன்று மாதமும் சமைத்த உணவைப் பாதியாகக் குறைத்துப் போட்டு, மீதியைப் பயோகேஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மே மாத விடுமுறையில் புதிய கழிவு வராது, ஆனால் தொட்டியில் இருப்பதற்கு வாரம் ஒருமுறை தண்ணீரும் புரட்டலும் தேவை.

இயந்திரமும் பயோகேஸும்

24 மணி நேரத்தில் உரம் என்று விற்கப்படும் மின்சார இயந்திரங்கள் உணவை அரைத்துச் சூடாக்கி உலர்த்துகின்றன. வெளியே வருவது பழுப்பு நிறப் பொடி, பார்க்க உரம் மாதிரியே இருக்கும். செடிக்கடியில் போட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி புளித்துச் சூடாகி வேரைக் கருக்கும். அதையும் சருகோடு குவித்துச் சில வாரம் மக்கவிடத்தான் வேண்டும். எடையைக் குறைக்கும் கருவியாக வாங்கினால் நியாயம். மின்கட்டணத்தையும் பிளேடு மாற்றும் செலவையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோறு, குழம்பு, கஞ்சி போன்ற கூழான கழிவு மிகுந்த பெரிய விடுதிக்குப் பயோகேஸ் கலன்தான் பொருத்தம். அதற்குச் சருகே தேவையில்லை. 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறக்குறைய 8 முதல் 12 கன மீட்டர் வாயு வரும், நான்கைந்து கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு உள்ளே போகக் கூடாது. ஒரே நாளில் விருந்துச் சோற்றையெல்லாம் கொட்டினால் கலன் அமிலமாகி வாயு நின்றுபோகும். மீட்க வாரக்கணக்கில் ஆகும். காய்கறிக் கழிவு தொட்டிக்கு, கூழ் கலனுக்கு என்று பிரித்துக்கொண்டால் சருகுத் தேவை பாதியாகும்.

சலித்து எடுத்துப் போடுதல்

100 கிலோ கழிவுக்கு 35 முதல் 45 கிலோ உரம் நிற்கும். சலிக்குமுன் நிழலில் இரண்டு நாள் ஆறப்போடுங்கள், ஈரமாக இருந்தால் சல்லடை அடைக்கும். சலிப்பவர் முகக்கவசம் கட்டட்டும், உலர்ந்த உரத்தூசியில் பூஞ்சை விதைகள் இருக்கும். நகர உரத்துக்கான அரசுத் தரம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் 90 சதவீதம் விழ வேண்டும் என்கிறது. வளாகத் தோட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் போதும்.

அதே தரத்தில் உப்புக்கான வரம்பு, மின்கடத்தல் அளவில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ். வேதியியல் துறையில் மின்கடத்தலை அளக்கும் கருவி இருக்கும், ஒவ்வொரு தொகுதி உரத்தையும் ஒருமுறை பாருங்கள். கூடவே முளைப்புச் சோதனை: ஒரு தட்டில் வெறும் தோட்டமண், இன்னொன்றில் ஒரு பங்கு உரமும் மூன்று பங்கு மண்ணும். இரண்டிலும் 20 பச்சைப்பயறு. ஐந்தாம் நாள் மண்ணில் 19 முளைத்து, உரக்கலவையில் 15-க்குக் குறைவாக முளைத்தால் இன்னும் இரண்டு வாரம் பதப்படட்டும். முளைத்தும் இலை நுனி கருகியிருந்தால் உப்பு. அந்தத் தொகுதியைத் தொட்டிச் செடிக்குத் தராமல், மழைக்கு முன் மரத்தடி வட்டப்பாத்திகளில் மரத்துக்கு ஐந்து கிலோ வீதம் பரப்புங்கள், மழைநீர் உப்பைக் கீழே இறக்கிவிடும்.

நல்ல தொகுதியானாலும் நாற்றுத் தட்டில் தனி உரமாக நிரப்பாதீர்கள். தொட்டிச் செடிக்கு நான்கில் ஒரு பங்கு. காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ, நடுவதற்கு ஒரு வாரம் முன்னதாக. புல்தரைக்குச் சலித்த நைஸ் உரத்தை அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தூவித் தண்ணீர் விட வேண்டும். மூட்டை கட்டி வைப்பதாக இருந்தால் காற்றுப் போகும் சணல் சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்டிக் மூட்டைக்குள் ஈரம் தேங்கி இரண்டு வாரத்தில் நாற்றமடிக்கத் தொடங்கிவிடும்.